வலது கைக்கு

உன்னோடு தனியாகப் பேசி நாளாகிறது.
உத்தனப்பள்ளி போகும் டவுன் பஸ்ஸில்
உன்னைத் தொடைக்கடியில் வைத்து
என் முழு எடையோடு மேலே உட்கார்ந்திருக்கிறேன்.
ராயக்கோட்டை தாண்டியாயிற்று.
மரத்துப்போயிருக்கிறாய்.
இருந்துவிட்டுப் போ.

காலையில் மண்டியில் நீதான் முதலில் எழுந்தாய்.
என்னைக் கேட்கவில்லை.
நாற்பது கிரேட் தக்காளியில்
ஆறைக் கழிவென்று தள்ளிவைத்தான் திம்மராஜ்.
சரி, வெயிலில் கனிந்ததுதான், பேசாமல் இருந்தேன்.
"உங்கப்பன் குடிச்சதுக்கு வட்டின்னு வெச்சுக்கடா"
என்றான் பிறகு,
பேனாவைக் காதில் செருகிக்கொண்டே,
என் முகத்தைக்கூடப் பார்க்காமல்.

கோபம் நெஞ்சில் பிறக்கிறதென்று யார் சொன்னது?
எனக்குக் காதுமடலில்.
அங்கே சூடேறி, தாடை இறுகி,
நாக்கில் காசை வைத்த மாதிரி ஒரு ருசி வந்து,
பிறகு சத்தமெல்லாம் தள்ளிப் போய்விடும்.
ஏலக் குரல், டெம்போ ஹாரன், டீக்கடை ரேடியோ
எல்லாம் கிணற்றுக்கு மேலே நடப்பதுபோல.
அந்த அமைதியில்தான் நீ வேலையைத் தொடங்குவாய்.
எனக்குப் பத்தொன்பது.
உனக்கு மட்டும் வயதே ஆகவில்லை.

இரண்டு வருடம் முன்பும் இப்படித்தான்.
சார்ஜருக்காக.
தொண்ணூறு ரூபாய்ச் சார்ஜர், ஒயர் பிய்ந்தது.
மாதேஷுக்கு அப்போது பதின்மூன்று.
முன்பல்லில் பாதி அடிகுழாய்ச் சாக்கடையில் போனது.
மீதி இன்னும் அவன் வாயில்.
உன் முட்டியில் அதன் தழும்பு.
அரைநிலா என்றெல்லாம் சொல்ல மாட்டேன்,
பல் மாதிரிதான் இருக்கிறது.

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டார்.
"படியில விழுந்துட்டேன்" என்றான்.
எங்கள் வீட்டில் படியே கிடையாது.
திரும்பி வரும்போது
வீங்கிய வாயோடு "விடுண்ணா" என்றான்.
அதற்கப்புறம் அந்தப் பேச்சே இல்லை.
மன்னித்துவிட்டான் என்றுதான் இருந்தேன்.

ஆனால் நீ சொம்பை எடுக்க உயர்ந்தால்,
கொடியில் சட்டையை எடுக்க நீண்டால்,
அவன் இமைகள் மூடிக்கொள்ளும்.
ஒரு நொடிதான். அவனுக்கே தெரியாது.
வாய் சொன்ன "விடுண்ணா"
இன்னும் இமைக்குப் போய்ச் சேரவில்லை.

இன்று திம்மராஜுக்கும் மூடியது.
மீசைக்காரன், முப்பது பேருக்கு நடுவில் வட்டி பேசியவன்,
நீ காதுயரம் வந்ததும்
சட்டென்று மாதேஷ் ஆகிவிட்டான்.

நீ நின்றாய்.
நான் நிறுத்தினேன் என்று பெருமையடிக்க ஆசைதான்.
உண்மையில் யார் நிறுத்தியதென்று தெரியவில்லை.
எங்கே போவதென்று விளங்காமல்
அந்தரத்தில் கொஞ்சம் தவித்து
கடைசியில் என் தலையைச் சொறிந்தாய்.

மண்டியே சிரித்தது.
எல்லோரையும்விடச் சத்தமாக அவன் சிரித்தான்.
முப்பத்து நாலு கிரேட்டுக்குக் காசு வாங்கினேன்.
இரண்டு தடவை எண்ணினேன்,
இரண்டு தடவையும் வேறு வேறு கணக்கு.

அவனை நான் மன்னிக்கவில்லை.
எழுதி வைத்துக்கொள், எழுதுகிறவன் நீதானே.
வழியெல்லாம் அவனுக்குப் பதில் யோசித்தபடி வருகிறேன்.
ஒவ்வொன்றும் முந்தியதைவிட நன்றாக இருக்கிறது.
சொல்ல வேண்டிய நேரம் முடிந்த பிறகு
எவ்வளவு கூர்மையாகிவிடுகிறது வாய்!
ஜன்னலோரம் ஒரு குழந்தை
என் உதடு அசைவதையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

*

ராத்திரி சோற்றுக்கு உட்கார்ந்தபோது
மாதேஷ் உப்பு கேட்டான்.
உன்னை மெதுவாக அனுப்பினேன்.
தரையோடு தரையாக, உள்ளங்கை தெரிய,
பழகாத நாய்க்கு நீட்டுவதுபோல.
எறும்பு ஊர்வது இன்னும் நிற்கவில்லை உனக்குள்.

இமை துடித்தது.
உப்பை எடுத்துக்கொண்டான்.
"ஏண்ணா, இன்னைக்குக் காசு கம்மியா இருக்கு?"

ஆறு கிரேட் கழிவு என்றேன்.